முதற்பதிப்பு என்னும் சான்று: புதினங்களின் பாடமும் மதிப்பும்

தமிழ்ப் புதினமொன்றின் உரிமைப் பக்கத்தில் 'முதற்பதிப்பு' என அச்சாகியிருப்பின், அதனை அவ்வாறே நூற்பட்டியில் எடுத்தெழுதும் வழக்கம் நூலகங்களிலும் ஆய்வேடுகளிலும் வேரூன்றியுள்ளது. அச்சொல் எதைக் குறிக்கின்றது என்னும் வினா அரிதாகவே எழுகின்றது. 'பதிப்பு' என்னும் ஒரே சொல் மூன்று வினைகளைச் சுமந்து நிற்கின்றது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்னுமிடத்து அது சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் நிறுவுதலைக் குறிக்கும். ஒரு பதிப்பகம் நூலைப் பதிப்பித்தது என்னுமிடத்து வெளியிடுதலைக் குறிக்கும். 'ஐந்தாம் பதிப்பு' என்னுமிடத்தோ, ஓரெழுத்தும் மாறாமல் மீண்டும் ஆயிரம் படிகள் அச்சிட்டதை மட்டுமே பெரும்பாலும் குறிக்கும். ஆங்கில நூலியலார் புதுப்பதிப்பையும் மறுஅச்சையும் வேறுபடுத்த இரு சொற்களைக் கையாளத் தமிழ்ப் பதிப்புலகம் இரண்டையும் ஒன்றில் அடக்கியது. இதன் விளைவு வெளிப்படை. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்', நாட்டுடைமையான பின்னர்ப் பல பதிப்பகங்களால் வெளியிடப்பெற்றது. அவற்றுள் எத்தனையோ 'முதற்பதிப்பு'கள்!

ஆகவே உரிமைப் பக்கத்தின் கூற்றைவிட, நூல் தன்னையறியாமல் தரும் சான்றுகளே நம்பத்தக்கன. விலை ரூபாய்-அணாவில் இருப்பின் நூல் 1957 ஏப்ரலுக்கு முற்பட்டது, அல்லது அதனை அடுத்து வந்தது எனக் கொள்ளலாம். நயா பைசா என்னும் குறிப்பு 1957க்கும் 1964க்கும் இடைப்பட்ட காலத்தைச் சுட்டும். ஆறிலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்டில் வந்தது. 1966 எனத் தேதியிட்ட நூலின் முகவரியில் 'சென்னை-600 001' என்றிருந்தால், பழைய உரிமைப் பக்கத்தின் ஆண்டை மட்டும் ஏற்றுக்கொண்ட பிற்கால அச்சு அது என்பதில் ஐயமில்லை.

எழுத்துவடிவச் சான்று மொழியியலாளர்க்கு மேலும் நெருங்கியது. எனினும் கவனமின்றிக் கையாளின் வழிதவறச் செய்வது. ணா, றா, னா முதலியவற்றின் பழைய சுழிவடிவங்களையும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தும்பிக்கை வடிவத்தையும் நீக்கிய சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978 அக்டோபரில் ஏற்றது. புதிய வடிவம் கண்டவுடன் '1978க்குப் பிற்பட்டது' என முடிவுகட்டுதல் பொருந்தாது. பெரியாரின் 'குடிஅரசு' 1935 முதலே அவ்வடிவங்களைக் கையாண்டது. அவ்வியக்கஞ் சார்ந்த வெளியீடுகள் அனைத்தும் இவ்விதிக்கு விலக்கு. மறுதலையாக, ஈய எழுத்துகளை உடனே மாற்ற இயலாத சிற்றச்சகங்கள் 1978க்குப் பின்னும் பழைய வடிவங்களிலேயே அச்சுக்கோத்தன. பொது இலக்கியப் பதிப்பகம் ஒன்றின் 1960களைச் சேர்ந்த புதினம் முழுதும் சீர்திருத்த எழுத்தில் இருப்பின், அது மீண்டும் அச்சுக்கோத்த நூல் என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். மீண்டும் அச்சுக்கோத்தது எனில் மீண்டும் மெய்ப்புத் திருத்தப்பட்டது என்பதே பொருள். பாடம் மாறுவதற்கான வாயில் அங்கேதான் திறக்கின்றது.

இவ்வாயில் எத்துணைப் பெரிது என்பதற்குத் திருவனந்தபுரம் ஏற்ற களம். தமிழ், மலையாளம் ஆகிய இருமொழிப் புதினங்களும் அருகருகே எழுதப்பெற்ற நகரம் அது. அங்கு வாழ்ந்து எழுதிய நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968இல் வெளிவந்தது. இரணியல் வட்டாரச் செட்டியார் சமூகத்தின் பேச்சை உரையாடல்களில் விரிவாகப் பதிவுசெய்தமையால், கிளைமொழி ஆய்வாளர் அதனைச் சான்றுநூலாகவே கையாள்கின்றனர். குமரி மாவட்டப் பேச்சில் 'அவனாக்கும் வந்தது' என்னும் தொடரில் 'ஆக்கும்' என்பது உறுதிப்பொருள் தரும். பிற வட்டாரங்களில் அதுவே ஐயப்பொருள் தருவது. குமரிப் பேச்சறியாத மெய்ப்புத் திருத்துநர் தொடரின் இறுதியில் ஒரு வினாக்குறி இட்டாலே போதும். ஒரு வட்டாரத்தின் இலக்கணம் மற்றொன்றாகிவிடும். மறுஅச்சொன்றிலிருந்து எடுத்துக்காட்டுகளைத் திரட்டும் ஆய்வாளர் இரணியல் பேச்சை ஆராய்கின்றாரா, சென்னை மெய்ப்புத் திருத்துநரின் வழக்கத்தை ஆராய்கின்றாரா? க.நா. சுப்ரமண்யம் இப்புதினத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தது 1972இல். அவர் கையிலிருந்தது தொடக்ககாலப் பாடம் என்பதை ஆண்டே காட்டுகின்றது. பின்னாளில் பெயர்ப்பவர்க்கு அந்த உறுதி இல்லை.

ஆசிரியரே பாடத்தை மாற்றும்போது சிக்கல் வேறு வகையினது. சி.வி. ராமன்பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' 1891இல் வெளிவந்தது. அவரே திருத்திய பதிப்பு 1911இல் வந்தது. இருபதாண்டு இடைவெளியில் மலையாள உரைநடையும் மாறியது, ஆசிரியரின் கையும் மாறியது. 1933இல் இப்புதினம் திரைப்படமானபோது, பதிப்புரிமை பெற்றிருந்த கமலாலய புத்தக நிலையம் வழக்குத் தொடுத்ததும் படம் நிறுத்தப்பட்டதும் அறியப்பட்ட செய்திகள். உரிமை யாருடையது என்பதில் நீதிமன்றம்வரை சென்ற அக்கறை, பாடம் எது என்பதில் நெடுங்காலம் காட்டப்படவில்லை. இதில் மிகுந்த இழப்புத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கே. சுந்தரய்யன் போன்ற பாத்திரங்களின் பேச்சில் தமிழ் கலந்து வருவது மலையாள வாசகர்க்கு அயன்மையின் அடையாளம்; தமிழாக்கத்தில் அந்த அயன்மை தானே கரைந்துபோகும். கலப்பின் அளவை மூலத்தில் எண்ணிக் கண்டவரே அதற்கு ஈடுசெய்ய இயலும். அதற்கு எப்பதிப்பில் எண்ணுவது என்பது முதலில் தெளிவுபட வேண்டும். 1954இலும் 2007இலும் தமிழாக்கங்கள் வெளிவந்தமையால் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று.

சந்துமேனனின் 'இந்துலேகா'வின் நிலை இதனினும் கவலைக்குரியது. 1889இல் வந்த நூல், 1890இல் இரண்டாம் பதிப்புக் கண்டது; அவ்வாண்டே டூமர்கின் ஆங்கிலப் பெயர்ப்பும் வெளிவந்தது. பின்னாளில் பரவலாகப் படிக்கப்பட்ட அச்சுகளில் இறுதிப் பகுதி குறைந்தும் மாறியும் இருந்தமையை, பிரித்தானிய நூலகத்திலிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படியைக் கொண்டு கேரள ஆய்வாளர் 2010களில் வெளிக்கொணர்ந்தனர். அதுவரை பல தலைமுறை மாணவர் தேர்வெழுதியது குறைபட்ட பாடத்தைப் படித்தே.

இனி, விலை. ஆங்கில நூற்சந்தையில் முதற்பதிப்பின் விலையை மேலுறையும் தூய்மையும் பெரிதும் உயர்த்துகின்றன. 1922இல் பாரிசில் ஆயிரம் படிகளாக வந்த ஜாய்சின் 'யுலிசிஸ்' பெருந்தொகைக்கு விலைபோவது; ஆனால் 1984இல் கேப்ளர் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பு ஏறத்தாழ ஐயாயிரம் திருத்தங்களைச் செய்ய வேண்டியிருந்தது. சேகரிப்பவர் விரும்பும் படியே பிழை மலிந்த படியாகவும் இருக்கக்கூடும். இந்த அளவுகோலைத் தமிழுக்கு அப்படியே கொணர்தல் தகாது. நம் நூலகங்களில் மேலுறை கழற்றப்பட்டு, ஓரம் வெட்டப்பட்டு, முத்திரைகள் குத்தப்பட்டுக் காலிகோவில் கட்டப்பட்ட படிகளே மிகுதி. பாளையத்துப் பழைய புத்தகக் கடையில் அத்தகைய படிக்குப் பெரிய விலை கிடைக்காது. உரிமைப் பக்கமும் உள்பாடமும் முழுமையாக இருப்பின், பளபளப்பான மேலுறையுடன் கூடிய பிற்கால அச்சினும் மொழியியலாளர்க்கு அதுவே உயர்ந்தது. ஓரங்களில் முன்னைய வாசகர் எழுதிய பாடபேதக் குறிப்புகளைச் சந்தை குறையெனக் கருதும். ஆய்வாளர்க்கு அவை கொடை.

முதற்பதிப்பே எப்போதும் மூலபாடம் என்னும் எதிர்முனையும் ஏற்கத்தக்கதன்று. 'புளியமரத்தின் கதை' 1966இல் நூலாவதற்கு முன் அதன் ஒரு பகுதி 'சரஸ்வதி'யில் வந்தது. அங்கு முதலச்சு இதழின் பக்கங்களிலேயே உள்ளது. 'மார்த்தாண்டவர்மா'வில், கேரளம் ஒரு நூற்றாண்டாகப் படித்துவரும் புதினத்தைத் தமிழில் தர விழைபவர் 1911ஐ மூலமாகக் கொள்வதே முறை; பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தென்திருவிதாங்கூர்ப் பேச்சை ஆராய்பவர்க்கு 1891 இன்றியமையாதது. இவ்விரண்டில் எதனைக் கொண்டார் என்பதை மொழிபெயர்ப்பாளர் முன்னுரையின் முதற்பத்தியிலேயே, அச்சகம், ஆண்டு, படி இருக்கும் நூலகம் ஆகியவற்றோடு குறிப்பிடுதல் வேண்டும். அவ்வாறு குறிப்பிடாத தமிழாக்கங்களை மூலத்தோடு ஒப்பிட்டு 'விடுபட்டது', 'சேர்க்கப்பட்டது' என எழுதப்பெறும் திறனாய்வுகள், மொழிபெயர்ப்பாளர் கண்டேயிராத ஒரு பாடத்தைக் கொண்டு அவர்மீது பிழை சுமத்துவனவாக முடியக்கூடும்.