இலையில் தங்கும் உப்பு

வெயில் அலை வரும்போது திராட்சைக் கொடிகளின் மேல் நீர் தெளித்துக் குளிர்விப்பதே எளிய காப்பு என்ற வாதம் வலுத்துவருகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் ரிவர்லேண்ட் தோட்டங்களுக்கும் இதையே பரிந்துரைப்பது பெரும் பிழை.

தெளிப்பு குளிர்விக்கும் என்பதில் ஐயமில்லை. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 2.4 மெகாஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது; வறண்ட காற்றில் இலையும் குலையும் சில டிகிரி குளிர்கின்றன. 2009 சனவரி இறுதியில் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவை வாட்டிய வெயிலைப் பார்த்தவர்கள் எந்த வழியையும் தேடத்தான் செய்வார்கள்.

ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த உப்பு இலையிலேயே நின்றுவிடுகிறது. குளிர்ச்சி தரும் அதே ஆவியாதல்தான் உப்பையும் செறிவாக்குகிறது. எந்தக் கருவியாலும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

ரிவர்லேண்டுக்கு நீர் தரும் முர்ரே ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு உப்பு தலைமுறைகளாகத் தொடரும் தொல்லை. விவசாயிகள் மேல்தெளிப்பை விட்டுச் சொட்டுநீருக்கு மாறியதற்கு நீர்ச் சிக்கனத்தோடு இதுவும் காரணம். குளோரைடை மேலே ஏறவிடாத ராம்சே வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டினார்கள். ஆனால் வேர்ச்செடியின் காவல் மண்ணிலிருந்து வரும் உப்புக்குத்தான். இலை வழியே நுழைவதை அது தடுக்காது. இத்தனை ஆண்டு உழைப்பையும் ஒரு பிற்பகல் தெளிப்பு சுற்றிக்கொண்டு போய்விடுகிறது.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 1985ஆம் ஆண்டுப் பாசன நீர்த் தரக் கையேடு இதைத் தெளிவாகவே எச்சரித்தது. தெளிப்பு நீரின் உப்பால் எளிதில் இலை கருகும் பயிர்களில் திராட்சையும் ஒன்று. இலை நனைந்து, காய்ந்து, மீண்டும் நனைந்தால் உப்பை அதிகம் உறிஞ்சும். ஆகவே இரவில் தெளிப்பது நல்லது. குளிர்விப்போர் செய்வது இதற்கு நேரெதிர்: கொளுத்தும் பிற்பகலில், விட்டுவிட்டுத் தெளிக்கிறார்கள். நீரை மிச்சப்படுத்தும் நுட்பம் என்று பாராட்டப்படும் அந்த இடைவெளிதான் மிகுந்த கேடு செய்வது.

உப்புக் குறைந்த நீர் கிடைக்கும் பகுதிகளில் இந்த முறைக்கு இடமிருக்கலாம். ஆனால் ரிவர்லேண்டில் வெயில் கொடுமையாகும் வறட்சி ஆண்டுகளில்தான் ஆற்றோட்டம் மெலிந்து நீரில் உப்பு ஏறும் ஆபத்தும் கூடுகிறது. வெயிலுக்கு முன்பே சொட்டுநீரில் வேர்ப்பகுதியை நன்றாக நனைப்பது, மேற்குப் பக்க இலைகளைக் கிள்ளாமல் விடுவது, நிழல்வலை கட்டுவது ஆகியவை இலையில் ஒரு துளி உப்பும் படாமல் குலையைக் காக்கும் வழிகள். தெளிப்பை ஆதரிப்போர் தெளித்த வேளையின் வெப்பநிலையைக் காட்டுகிறார்கள். பருவம் முடிந்தபின் அதே இலைகளிலும் பழச்சாற்றிலும் சோடியமும் குளோரைடும் எவ்வளவு என்று அளந்து காட்டும்வரை அந்த வாதத்தை ஏற்பதற்கில்லை.