ஒரு கொக்கி ஊசியும் 11,148 சதுர மீட்டரும்

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் விரிக்கப்பட்ட ஒரு போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ஏக்கர். அவ்வளவு நிலத்தில் நெல்லைப் போட்டால் நாலு மாதத்தில் அறுத்துவிடலாம். இதுவோ ஒற்றைக் கொக்கி ஊசியால், ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுத்து இழுத்துக் கையால் பின்னிய குரோஷே. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இண்டியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவின் பெண்கள் அவரவர் வீட்டில் பின்னிய துண்டுகளெல்லாம் ஒன்றாகிக் கின்னஸில் ஏறின. மறு ஆண்டு 14.09 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கழுத்துத்துண்டு. 2018இல் 58,917 குரோஷே உருவங்களின் காட்சி.

கேட்கும்போது மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எண்களில் ஒன்றுகூடப் பின்னல் எப்படி இருந்தது என்று சொல்வதில்லை.

முதலில், குழுவாகப் பின்னுவதில் என்ன கிடைக்கிறது? புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து ஆகுர்டியில் பஜாஜ், பிம்ப்ரியில் டாடா மோட்டார்ஸ் என்று ஆலைகள் ஆள் சேர்த்த ஊர். கணவனின் வேலைக்காக அங்கே போய்ச் சேரும் தமிழ்ப் பெண்ணுக்கு முதல் வருடம் மராத்தி பிடிபடாது. கையில் ஊசியும் நூலும் இருந்தால் எதிர்வீட்டுக்காரம்மா தானாகவே பேச வந்துவிடுவார். வாசல் நிலையில் குரோஷே தோரணம் கட்டுவது மராட்டிய வீடுகளில் பழகிய வழக்கம். ‘க்ரோஷா’ என்றால் இரண்டு பேருக்கும் புரியும். இலக்கணம் எதுவும் தேவையில்லை.

அடுத்தது, புத்தகமும் வீடியோவும் கற்றுத்தர முடியாத சங்கதி: கையின் இறுக்கம். பத்துப் பேருக்கு ஒரே நூல், ஒரே 4 மில்லிமீட்டர் ஊசி, இருபது வரிசை என்று கொடுத்துப் பாருங்கள். பத்து அளவில் பத்துச் சதுரம் வரும். நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி ஆள்காட்டி விரலில் ஏற்றிப் பிடிப்பவரின் கண்ணிகள் சீராக இருக்கும். விரலைச் சுற்றாமல் விட்டவருடையது தளர்ந்து தொங்கும். பயந்து இழுப்பவருடைய சதுரம் நாலு மூலையிலும் அப்பளம்போலச் சுருண்டுகொள்ளும். பத்தையும் ஒரு கட்டிலில் வரிசையாகப் போட்டால்தான் ஒவ்வொருவருக்கும் தன் கை தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் விரலைத் தொட்டு, “கொஞ்சம் விட்டுப் பிடிங்கக்கா” என்று சொல்லும் நொடிதான் பாடம்.

கண்ணி வகைகளின் பெயர்க் குழப்பம் வேறு இருக்கிறது. அமெரிக்கர் ‘டபுள் குரோஷே’ என்பதைப் பிரிட்டிஷ்காரர் ‘ட்ரெபிள்’ என்பார். பிரிட்டிஷ் ‘டபுள்’ அமெரிக்கருக்கு ‘சிங்கிள்’. இதை அறியாமல் தொடங்கினால் ஸ்வெட்டர் குழந்தைச் சட்டையாக முடியும். அனுபவசாலி ஒருவர் கூட இருந்தால், “இது எந்த ஊர் கணக்கு?” என்று முதலிலேயே கேட்டு நூலையும் வாரத்தையும் மிச்சப்படுத்திவிடுவார்.

இனிக் குறைகள். இலக்கு பரப்பளவாக இருக்கும்போது எல்லோரும் சதுரமே பின்னுவார்கள். சதுரம் தப்பாது, சீக்கிரம் வளரும், இணைப்பது சுலபம். நீள ஊசியில் கண்ணிகளை ஏற்றிக்கொண்டே போய், திரும்பும்போது ஒவ்வொன்றாக இறக்கும் துனீசியப் பின்னலைப் பழக, கை கொஞ்ச நாள் தடுமாற வேண்டும், பின்னியதைப் பிரிக்க வேண்டும். தேதி குறித்துவிட்ட குழுவில் பிரிப்பதற்கு யாருக்கு நேரம்? தோற்ற துண்டை நடுவில் வைத்து எங்கே தவறியது என்று பேசுவதைவிட, முடிந்ததைப் படம் எடுத்துப் பாராட்டு வாங்குவது எளிது. “சூப்பர் சிஸ்டர்” என்ற சொல் எந்தக் கையையும் திருத்தியதில்லை.

இரவல் யோசனை இன்னொரு குறை. ‘வெப்பநிலைப் போர்வை’ என்று ஒரு சவால் உலகெங்கும் பிரபலம்: அன்றைய வெப்பத்துக்கு ஒரு நிறம், நாளுக்கு ஒரு வரிசை. பனி கொட்டும் நாட்டில் வருடம் முடிந்தால் வானவில் கிடைக்கும். சென்னையில் பகல் வெப்பத்தை அதே அட்டவணைப்படி பின்னினால் ஆரஞ்சும் சிவப்பும் தவிர ஏதும் தேறாது. சிஞ்ச்வட்டில் டிசம்பர் இரவும் ஏப்ரல் பகலும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருப்பதால் கொஞ்சம் பரவாயில்லை. நம் ஊருக்கு வெப்பத்தைவிட மழையளவு பொருத்தமான கணக்கு என்று யோசிப்பதற்குத்தானே குழு?

நூலும் அப்படியே. நாம் ‘உல்லன்’ என்று கேட்டு வாங்கும் மலிவு உருண்டையில் பெரும்பாலும் ஆட்டு ரோமம் ஓர் இழைகூட இருக்காது, முழுக்க அக்ரிலிக். சாயம் போகாது, துவைக்க எளிது, விலையும் குறைவு. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. விதர்பாவில் பருத்தி விளையும் மகாராஷ்டிரத்தில் உட்கார்ந்து மே மாதத்தில் பிளாஸ்டிக் மேலாடை பின்னுவது வேடிக்கைதான்.

எல்லாவற்றையும்விடக் கனமான குறை கூலி. நாகர்கோவிலில் 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கேயும் அதைத் தொடங்கினார். அந்தப் பின்னலுக்குக் காசு கிடைத்தது. அதைச் சேர்த்து அடிமைத்தளையிலிருந்து விடுதலை வாங்கிய பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாறு சொல்கிறது. ஆந்திரத்து நரசாபுரத்தில் கதை வேறு. அங்கே குரோஷே லேஸ் பின்னும் பெண்களை ஆராய்ந்து மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் எழுதினார். ‘இல்லத்தரசி ஓய்வு நேரத்தில் செய்வது’ என்ற பெயரே அவர்கள் உழைப்பை மலிவாக்கியது என்பது அவர் வாதம். விற்பனை வெளிநாட்டில், வேலை திண்ணையில்.

அசல் குரோஷேவைப் பின்னும் ஆலை இயந்திரம் இதுவரை புழக்கத்துக்கு வரவில்லை. கடையில் முந்நூறு ரூபாய்க்குத் தொங்கும் அசல் குரோஷேவும் யாரோ ஒருவர் கையால் பின்னியதுதான். அப்படிப்பட்ட வேலையைக் குழுக்கள் ‘பொழுதுபோக்கு’ என்றே அழைத்து, சொந்த நூலில் பின்னி, சொந்தச் செலவில் அனுப்பி, இலவசமாகக் கொடுக்கின்றன. தானம் நல்லதுதான். ஆனால் அக்கம்பக்கத்தார், “நூல் காசு மட்டும் தர்றேன்” என்று கேட்கும் தைரியமும் அங்கிருந்துதான் வருகிறது.

இதே ஊசியால் வேறு காரியமும் நடந்திருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் டைனா டைமினா 1997இல், குறிப்பிட்ட எண்ணிக்கைக் கண்ணிக்கு ஒன்று என ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போய், மாணவர்கள் தொட்டுப் பார்க்கும்படி அதிபரவளைய (ஹைபர்பாலிக்) வடிவியலைப் பின்னிக் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு மார்கரெட், கிறிஸ்டீன் வெர்த்தைம் சகோதரிகள் 2005இல் தொடங்கிய ‘குரோஷே பவளப்பாறை’ திட்டத்தில் ஊர் ஊராகப் பெண்கள் சேர்ந்தார்கள். அங்கே விதியைக் கொஞ்சம் மீறிப் பார்க்கச் சொன்னார்கள். மீறிய துண்டுகள் புதிய உயிர்களாயின.

எண்ணுவதைக் குழுக்கள் விடவேண்டியதில்லை. எண்ணும் பொருளை மாற்றலாம். சிஞ்ச்வட்டிலோ சேலத்திலோ அடுத்த சதுரத்தைக் கையில் எடுக்கும்போது, எத்தனை மணி நேரம் பிடித்தது, எத்தனை முறை பிரித்தோம் என்று ஒரு சீட்டில் எழுதி, அதன் மூலையில் ஊக்கால் குத்தி வையுங்கள். கொடுப்பது இலவசமாக இருந்தாலும் அந்தச் சீட்டோடு கொடுங்கள்.