இந்தப் பை எத்தனை நடை தாங்கும்?

தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாம்பூலப் பைப் பேச்சு வந்ததும், "பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம் மாமா, மஞ்சப்பை கொடுத்துடலாம். ஐந்நூறு அடிச்சா போதும்ல?" என்றாள். வீட்டில் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன். எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணி நினைவுக்கு வந்ததால் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

வீட்டுக்கு வரும் பை எல்லாம் அந்த ஆணியில்தான் தொங்கும். அன்று இரவு அத்தனையையும் இறக்கித் தரையில் பரப்பி எண்ணினேன். 46 இருந்தன. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழாவில் வந்த துணிப்பைகள் 19. துணி மாதிரி இருக்கும் நான்-வோவன் பைகள் 11. ஜவுளிக்கடைக் கட்டைப்பைகள் 9. ஏதோ கருத்தரங்குகளில் கொடுத்த சணல் பைகள் 6. அரிசிச் சாக்கை வெட்டித் தைத்த பை 1. இந்த 46-ல் வாராவாரம் சந்தைக்குப் போய் வருவது கடைசியாகச் சொன்ன அந்த ஒன்று மட்டும்தான். அதற்குத் துணையாக, அம்மா பின்னிய ஓர் ஒயர் கூடை.

மற்ற 45-ம் ஏன் ஆணியைவிட்டு இறங்கவில்லை? கல்யாணப் பை ஒன்றை விளக்கருகே பிடித்துப் பார்த்தேன். துணி வழியே விரல் தெரிந்தது. கைப்பிடிக்குள் நாலு விரல் நுழைவதே சிரமம், தோளில் மாட்ட வழியே இல்லை. கைப்பிடியைப் பையோடு பிடித்திருப்பது ஒற்றை வரித் தையல். ஒரு தேங்காய், ரெண்டு வெற்றிலை, ஒரு சாத்துக்குடி வாசலிலிருந்து வண்டிவரை போய்ச் சேரத்தான் அது தைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கிலோ வெங்காயம் போட்டால் கைப்பிடி ஓரம் வாய் பிளக்கிறது. சமையல் தராசில் வைத்தேன்: 58 கிராம். பரணில் பழைய மளிகைக்கடைக் கவர் ஒன்று கிடைத்தது, அது 5 கிராம். ஒரு கிலோ பருத்தித் துணிக்குப் பின்னால் உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதன்படி இந்தச் சின்னப் பைக்கு 580 லிட்டர். அவ்வளவும் குடித்துவிட்டு ஒரே ஒரு தேங்காயைத் தூக்கிவிட்டு ஆணியில் தொங்குகிறது.

துணியா பிளாஸ்டிக்கா என்ற கேள்வியை எடைபோட்டுப் பார்த்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரே தடவை பயன்படுத்தித் தூக்கியெறியும் மெல்லிய பாலிதீன் பைக்குச் சமமாக வர, புவி வெப்பமாதல் கணக்கில் மட்டும், பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்றது அது. நான்-வோவன் பைக்கு 11 தடவை, காகிதப் பைக்கு 3 தடவை. 2018-ல் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இன்னொரு ஆய்வை வெளியிட்டது. அதில் சாதாரணப் பருத்திப் பைக்கு 7,100 தடவை, இயற்கை வேளாண் பருத்திக்கு 20,000 தடவை. வாரம் ஒரு நடை என்று வைத்தால் 7,100 நடைக்கு 136 ஆண்டுகள் ஆகும். இந்த எண்களைக் காட்டி, "பேசாமல் கேரி பேக்கே கொடுத்துத் தொலையலாம்" என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த 7,100 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். பதினைந்து வகைப் பாதிப்புகளைத் தனித்தனியே அளந்து, அவற்றில் மிக மோசமான ஒன்றை வைத்து வந்த எண் அது. அந்த ஒன்று ஓசோன் படலத்துக்கு வரும் பாதிப்பு. புவி வெப்பமாதலை மட்டும் எடுத்தால் அதே ஆய்வில் அதே பருத்திப் பைக்கு 52 தடவைதான், அதாவது வாரம் ஒரு நடை வைத்து ஒரு வருடம். இயற்கைப் பருத்தியின் 20,000-க்கு இன்னொரு காரணமும் உண்டு: அந்தப் பை கொள்ளளவில் சிறியதாக இருந்ததால் ஒன்றுக்கு இரண்டாகக் கணக்கிட்டார்கள். எல்லாவற்றையும்விடப் பெரியது, டென்மார்க்கில் குப்பையை எரித்து வெப்பமும் மின்சாரமும் எடுக்கிறார்கள். தெருவில் பறக்கும் பை அங்கே பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லையென்று அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

நம் ஊரில் கேள்வியே அந்தப் பறக்கும் பைதான். மழைநீர் வடிகால் மூடியைத் திறந்தால் சேற்றோடு சேர்ந்து என்ன வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். குப்பைத்தொட்டியில் மேய்ந்த மாட்டின் வயிற்றை அறுத்து, முடிச்சு முடிச்சாகப் பாலிதீனை மருத்துவர்கள் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு டென்மார்க் அட்டவணை பதில் சொல்லாது. 1988, 1998 வெள்ளங்களில் வடிகால்கள் அடைத்துக்கொண்ட அனுபவத்தில்தான் வங்கதேசம் 2002-ல் மெல்லிய பாலிதீன் பைகளைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அது சரியான முடிவு என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

ஆனால் அந்த ஆய்வுகளை ஒரேயடியாகத் தள்ளவும் மனம் வரவில்லை. ஒரு பையின் மேல் இரண்டு கடன் இருக்கிறது. ஒன்று செய்யும்போது ஏறுவது, மற்றது எறியும்போது ஏறுவது. பாலிதீனுக்கு இரண்டாவது கடன் பெரிது. துணிக்கு முதல் கடன் பெரிது, அது விதைக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. இதைத்தான் அந்த ஆய்வுகள் நேர்மையாகக் காட்டுகின்றன. துணிப்பையின் கடனை அடைக்க ஒரே வழி நடைதான். அது பருத்தி என்பதாலோ மஞ்சள் என்பதாலோ எதுவும் கழிந்துவிடாது.

மஞ்சள் என்றதும் இன்னொன்று. மஞ்சள் கிழங்கில் தோய்த்த பழைய காலத்துப் பையை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறோம். மொத்தமாக அடித்துக் கொடுக்கும் பைக்கு வருவது பெரும்பாலும் சாயப் பட்டறைச் சாயம். சாயம் ஓர் ஆற்றை என்ன செய்யும் என்று அறிய நாம் டென்மார்க்கைக் கேட்க வேண்டியதில்லை, நொய்யலைக் கேட்கலாம். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீர் தேங்கியதும், கடைசியில் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் கொங்குப் பகுதியில் யாருக்கும் மறக்கவில்லை. சந்தைப் பைக்குச் சாயம் எதற்கு? வெளுக்காத காடாத் துணியே போதும். அழுக்கு தெரியுமே என்பார்கள். தெரியட்டும், துவைக்கலாம்.

நான்-வோவன் பை விஷயத்தில் நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள். "துணிப்பை" என்று சொல்லித்தான் கடைகளில் கொடுக்கிறார்கள். என் 11 பைகளில் ஒன்றின் ஓரத்தைக் கத்தரித்து இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினேன். சுருண்டு, உருகி, சொட்டி, ஆறியதும் கருத்த மணியாகக் கெட்டித்தது. கல்யாணப் பையின் நூல் காகிதம் எரிவது போல எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலானது. வேறு ஆய்வுக்கூடம் தேவையில்லை. நான்-வோவன் என்பது பாலிபுரொப்பிலீன் இழைகளைச் சூட்டில் ஒட்டவைத்த தாள், நெய்தது அல்ல. உற்றுப் பார்த்தால் ஒட்டிய இடங்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். தமிழ்நாட்டின் தடைப் பட்டியலில் இதையும் சேர்த்திருந்தார்கள். சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறைந்தவற்றுக்கு 2021 செப்டம்பர் 30 முதல் மத்திய அரசின் தடையும் உண்டு. ஆய்வின்படி 11 நடையில் கடன் அடைந்துவிடும் பைதான் இது. ஆனால் மெல்லியது அதற்குள் கிழிந்துவிடுகிறது. மொட்டை மாடியில் ஒரு கோடை முழுக்கக் கிடந்த பையை எடுத்தால் கையிலேயே பொடிப் பொடியாக உதிர்கிறது. அந்தப் பொடியை யாராலும் பொறுக்க முடியாது. இதை நான் முழுதாக நிராகரிக்கிறேன்.

காகிதப் பை மளிகைச் சாமானுக்குச் சரி, ஈரக் கீரைக்கு ஆகாது. மக்கும் பிளாஸ்டிக் என்று விற்பவை சூடும் ஈரமும் கட்டுக்குள் இருக்கும் உரக்கூடத்தில் மக்குவதற்கென்று சான்று பெற்றவை. அந்த ஏற்பாடு இல்லாத ஊரில், வடிகாலில் கிடக்கும் அதற்கும் பாலிதீனுக்கும் மாட்டுக்கு வித்தியாசம் தெரியாது.

இனி, உண்மையில் சந்தைக்குப் போகும் இரண்டைப் பற்றி. ஒயர் கூடை பிளாஸ்டிக்தான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கூடையை அம்மா பின்னியது நான் கல்லூரியில் சேர்ந்த வருடம். சிவன்கண் முடிச்சு. அடியில் தக்காளி நசுங்காமல் உட்காரும், முருங்கைக்காய் நிமிர்ந்து நிற்கும், கழுவிக் கவிழ்த்தால் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். ஒருமுறை கைப்பிடி அறுந்தது, புது ஒயர் வாங்கி அதை மட்டும் மாற்றிப் பின்னினாள். பழுது பார்க்க முடியும் என்ற இந்தக் குணம் எந்த ஆய்வு அட்டவணையிலும் ஒரு பத்தியாக இல்லை. என் கணக்கில் அதற்கு முதலிடம் உண்டு.

அரிசிச் சாக்கு இன்னும் எளிது. 25 கிலோவரையான அரிசி மூட்டைக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு 26 கிலோவாகிவிட்ட அந்தப் பாலிபுரொப்பிலீன் நெசவுச் சாக்கு மாதம் ஒன்று எப்படியும் வீட்டுக்கு வருகிறது. அதை அரிசிக்காக ஏற்கெனவே செய்துவிட்டார்கள், பைக்காகப் புதிதாக எதையும் விளைவிக்க வேண்டாம். 26 கிலோ தாங்கியது 6 கிலோ காய்கறியைத் தாங்காதா? பாதியில் வெட்டி, வெட்டிய துண்டிலேயே கைப்பிடிக்குப் பட்டை எடுத்து, வாயை இரண்டு மடிப்பு மடித்து அடித்துக் கொடுக்கத் தெருமுனைத் தையற்காரருக்குக் கால் மணி நேரம் ஆனது. வெயிலில் போட்டால் இதுவும் இற்றுப்போகும், நிழலில்தான் மாட்ட வேண்டும். ஓரம் உதிரத் தொடங்கிய அன்றே சந்தையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட வேண்டும்.

அப்படியானால் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கம் வீணா? இல்லை. 2021 டிசம்பர் 23-ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்தபோது நடந்த பெரிய நன்மை வெட்கம் போனது. மஞ்சப்பை தூக்கியவனைப் பட்டிக்காட்டான் என்று சினிமா சிரித்த காலம் ஒன்று இருந்தது. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் ஒரு தலைமுறை வெறுங்கையோடு கடைக்குப் போய்க் கவரோடு திரும்பியது. இன்று பேண்ட் போட்ட பையன் கூசாமல் பையோடு போகிறான். கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்ததும் நல்ல யோசனை. காசு கொடுத்து வாங்கியதைப் பெரும்பாலும் யாரும் ஆணியில் மறந்துவிடுவதில்லை. குறை வேறு இடத்தில்: விழாக்களில் இத்தனை ஆயிரம் பை இலவசமாகக் கொடுத்தோம் என்பதே சாதனையாகச் சொல்லப்படுகிறது. கொடுத்த பை எத்தனை நடை போனது என்று கேட்பாரில்லை. ஏற்கெனவே 19 பை தொங்கும் வீட்டுக்கு இருபதாவதைக் கொடுப்பது சுற்றுச்சூழலுக்குச் செய்யும் உதவி ஆகாது.

இன்னொரு குறையும் கண்முன் நடக்கிறது. வெளிப்பை மாறிவிட்டது, உள்ளே மாறவில்லை. உழவர் சந்தையிலிருந்து துணிப்பையோடு வருபவரின் பையைத் திறந்து பாருங்கள்: கொத்தமல்லிக்கு ஒரு கவர், பச்சை மிளகாய்க்கு ஒன்று, இட்லி மாவுக்கு ஒன்று, மீனுக்கு இரண்டு. ஒரு நடைக்கு ஐந்து மெல்லிய கவர், அதுவும் எண்ணெயும் ஈரமும் பட்டு, பழைய பிளாஸ்டிக் எடுப்பவரும் தொடாத கவர். வடிகாலை அடைப்பது இவைதான். மாவுக்கும் மீனுக்கும் தூக்குவாளி கொண்டுபோவதுதான் தீர்வு. எங்கள் தெரு மாவுக்கடை அக்காவிடம் முதல் நாள் தூக்கை நீட்டியபோது, "இதுல ஊத்துனா அளவு தெரியாதேண்ணே" என்று தயங்கினார். வெறும் தூக்கை முதலில் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு ஊற்றினோம். இப்போது அவரே மற்றவர்களிடம் கேட்கிறார், "தூக்கு கொண்டு வரலையா?"

இரண்டு நாள் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். 500 வேண்டாம் என்றேன். குடும்பத்துக்கு ஒன்று கணக்கிட்டால் 200 போதும். மற்றவர்களுக்குத் தேங்காயையும் வெற்றிலையையும் கையிலேயே கொடுக்கலாம், அதுதானே பழைய வழக்கம்? அந்த 200-ம் சந்தைக்குப் போகும் பையாக இருக்க வேண்டும்: கெட்டிக் காடாத் துணி, சாயமில்லை, 15 அங்குல அகலம், 17 அங்குல உயரம், அடியில் நாலு அங்குலப் பட்டை. கைப்பிடி தோளில் ஏறும் நீளம், வாயிலிருந்து அடிவரை ஓடும் பட்டை, மூலையில் பெருக்கல் குறித் தையல். அக்கா தயங்கினாள். "பேரு போடலேன்னா எப்படிடா?" பெயரைப் பையின் உட்பக்கம் சின்னதாக அச்சடிக்கலாம் என்றாள் மணப்பெண். பெரிய எழுத்தில் அடுத்தவர் பெயரைச் சுமந்துகொண்டு யார் மாமா காய் வாங்கப் போவாங்க என்று அவளே கேட்டாள். எனக்குத் தோன்றாத காரணம் அது.

தையற்காரர் மாதிரிப் பை ஒன்று தைத்துக் கொடுத்தார். 140 கிராம். அதாவது கடன் என் கல்யாணப் பையைவிட இரண்டு மடங்குக்கும் மேல், நடையும் அதற்குத் தக்கபடி அதிகம் போயாக வேண்டும். எட்டுக் கிலோ அரிசியைக் கொட்டி, எங்கள் வீட்டில் காலியான அந்த ஆணியிலேயே இரவு முழுக்கத் தொங்கவிட்டோம். காலையில் மணப்பெண்தான் முதலில் வந்து பார்த்தாள். கைப்பிடி மூலையில் ஒரு நூல்கூட இழுபடவில்லை, சுவரிலிருந்து ஆணிதான் சற்றுக் கீழே வளைந்திருந்தது. அன்றே முன்பணம் கொடுத்தோம்.