கங்கைக் கரையில் ஆங்கில யாழ்

நம் கொல்கத்தாவில் ஆங்கிலக் கவிதை பிறந்த வரலாற்றைப் பேசத் தொடங்கினாலே, "அதெல்லாம் பைரனையும் மூரையும் பார்த்து எழுதின காப்பிதானே!" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோர் உண்டு. அந்தத் தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் ஒப்பீடு. 1819இல் சிட்னி நகரில் பாரன் ஃபீல்டு என்னும் நீதிபதி, ஆஸ்திரேலியக் கவிதையின் முதற்கனிகள் என்று பெயரிட்டு ஒரு சிறு நூலை அச்சிட்டார். அவருக்கு ஆங்கிலம் தாய்மொழி, மண்தான் அந்நியம். கங்காருவைப் பாட வந்தவருக்கு இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த உவமைகள் போதவில்லை. கல்கத்தாவில் நிலைமை தலைகீழ். இங்கே மண் சொந்தம், மொழிதான் கற்றுக்கொண்டது.

டெரோசியோவும் காசிபிரசாத்தும்

ஹென்றி டெரோசியோ (1809–1831) இந்த இரண்டு வகையிலும் அடங்காதவர். போர்த்துக்கீசிய வம்சாவளி வந்த கல்கத்தாக்காரர். ஆங்கிலமும் அவருடையது, இந்த மண்ணும் அவருடையது. 1827இல் வந்த முதல் தொகுப்பிலேயே, மீட்ட ஆளில்லாமல் கிடக்கும் இந்தியாவின் யாழைப் பாடினார். அந்த யாழ் அயர்லாந்துக் கவி தாமஸ் மூரிடம் வாங்கிய கடன் என்பது தெரிந்ததுதான். ஆனால் 'என் நாடு' என்று இந்தியாவை ஆங்கிலத்தில் உரிமையோடு பாடத் துணிந்தபோது அவருக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. அந்த உரிமையை யாரிடம் கடன் வாங்க முடியும்?

1828இல் வந்த 'ஜங்கீராவின் ஃபக்கீர்' பாகல்பூர்ப் பக்கத்துக் கங்கைப் பாறையைக் களமாகக் கொண்ட நெடுங்கவிதை. உடன்கட்டை ஏறவிருந்த இளம் விதவை நளினியைப் பழைய காதலன் தூக்கிச் செல்கிறான். உடன்கட்டையைத் தடுக்கும் சட்டம் வந்ததோ 1829 டிசம்பரில். சடங்கின் அழகில் கவிஞர் சற்று மயங்கித்தான் போகிறார், இது குறையே. என்றாலும் காலத்தின் நெருப்பை நேரே தொட்ட கவிதை அது.

அதே 1809இல் பிறந்த காசிபிரசாத் கோஷ், 1830இல் 'ஷாயிர்' நூலை வெளியிட்டார். இந்துப் பண்டிகைகளையெல்லாம் ஆங்கிலச் செய்யுளாக்கினார். இங்கேதான் சிக்கல். துர்கா பூஜை என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்து எழுத வேண்டியிருக்கிறது. விளக்கம் சொல்லிச் சொல்லியே கவிதையின் மூச்சு வாங்கிவிடுகிறது.

சென்னையில் ஒரு திருப்பம்

மைக்கேல் மதுசூதன் தத்தர் (1824–1873) கல்கத்தாவை விட்டு 1848இல் சென்னைக்கு வந்து ஆசிரியரானார். பிருதிவிராஜன்–சம்யுக்தை கதையைச் சொல்லும் அவருடைய ஆங்கிலக் காவியம் 'கேப்டிவ் லேடி', 1849இல் நம்ம சென்னையில்தான் அச்சாகியது. நண்பர் கௌரதாஸ் மூலம் அதைப் பெற்ற பெத்யூன், இவ்வளவு திறமையைத் தாய்மொழிக்குக் கொடுங்கள் என்றார். மதுசூதனர் சும்மா இருக்கவில்லை. சென்னையிலேயே ஹீப்ரு, கிரேக்கம், லத்தீன், சமஸ்கிருதம், தெலுங்கு என்று நாளை மணிக்கணக்காகப் பங்கு போட்டுப் படித்தார். 1856இல் கல்கத்தா திரும்பினார். 1861இல் வங்காளத்தில் 'மேகநாதவத காவியம்' வெளிவந்தது.

மேகநாதன் நம் கம்பனின் இந்திரசித்துதான். கம்பனில் நிகும்பலை வேள்வி குலைந்த பிறகும் அவன் போரிடுகிறான். தந்தையிடம் திரும்பி, சீதையின் மேல் வைத்த ஆசையை விடும்படி சொல்கிறான். மறுபடி களம் புகுந்தே மடிகிறான். மதுசூதனரோ, பூஜையில் இருந்த நிராயுதபாணியை இலக்குவன் கொல்வதாக அமைத்தார். வங்க வாசகர் திடுக்கிட்டார்கள். காரணம், அவர்களுக்குக் கிருத்திவாசர் ராமாயணம் மனப்பாடம். கதை தெரிந்தவர் முன்னால்தானே கதையைப் புரட்டிப் போட முடியும்? விளக்கக் குறிப்பு எழுதி அந்த அதிர்ச்சியைத் தர முடியாது.

ஆகவே, ஆங்கிலத்தை விட்டதால் மதுசூதனர் வென்றார் என்று சொல்வது போதாது. எதுகையின் பிடியிலிருந்து வங்கப் பயார் யாப்பை விடுவித்த 'அமித்ராட்சரம்', மில்டனைப் படித்த காதுக்குக் கிடைத்தது. ஆங்கிலப் பயிற்சி வீண் போகவில்லை. தாய்மொழியில் ஏற்கெனவே ஒரு சேமிப்பு இருந்ததால்தான் அந்தப் பயிற்சி பலித்தது. சிறுவயதில் தாய் ஜானவி தேவியிடம் கேட்ட ராமாயண, பாரதக் கதைகளே அந்தச் சேமிப்பு.

இது நமக்கும் பொருந்தும். லேக் மார்க்கெட் பக்கத்து நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளி மலரில் ஆங்கிலக் கவிதை எழுதுகிறார்கள். எழுதட்டும், "உனக்கெதுக்கு இங்கிலீஷ் கவிதை?" என்று தடுக்க வேண்டாம். ஆனால் நிகும்பலையில் என்ன நடந்தது என்று அவர்களுக்கு வீட்டில் யாராவது தமிழில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், நாளை திரும்பி வர நினைக்கும் பிள்ளைக்கு வந்து சேர இடம் இருக்காது.