பிபிசி மைக்ரோவுக்கு 65சி02 சிப்: மாற்றலாமா? மாற்றியபின் ஓடாவிட்டால் எங்கே பார்ப்பது?

1984-85ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் கட்டமாக 250 பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட மெஷின் இது. பின்னர் மொகாலியின் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் ‘எஸ்சிஎல் யூனிகார்ன்’ என்ற பெயரில் இதை இங்கேயே தயாரித்தது. இன்று ஐம்பதை ஒட்டிய வயதில் இருக்கும் பலர் முதல் பேசிக் நிரலை எழுதியது இதில்தான்.

மேற்குத் தாம்பரத்தில் என் மேசைமேல் இருப்பது 32 கேபி நினைவகம் கொண்ட மாடல் பி. அதன் 6502ஏ ப்ராசசரை எடுத்துவிட்டு, ராக்வெல் 65சி02 சிப்பைப் போட்டுச் சோதித்தேன்.

என்ன கிடைக்கும்?

வேகம் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2 மெகாஹெர்ட்ஸ் க்ளாக் போர்டிலிருந்து வருகிறது. சிப்பை மாற்றுவதால் அது மாறாது. 65சி02 சிமாஸ் வகை என்பதால் மின்சாரம் குறைவாகத் தின்னும், சூடும் குறைவு. பழைய சிப்பில் மறைமுக ஜம்ப் கட்டளை, பக்க எல்லையில் தவறான முகவரிக்குத் தாவும் பிழை ஒன்று உண்டு; இதில் அது சரி செய்யப்பட்டுள்ளது. அசெம்பிளி எழுதுபவர்களுக்குப் புதிய கட்டளைகளும் கிடைக்கின்றன. பேசிக் 4 ரோம் இந்தக் கட்டளைகளை நம்பித்தான் ஓடுகிறது. தசமக் கணக்குகளில் தெரியும் வேகம் அந்த ரோமால் வருவது.

வாங்கும்போது

65சி02 என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது. வெஸ்டர்ன் டிசைன் சென்டர் இன்றும் புதிதாகத் தயாரிக்கும் டபிள்யூ65சி02எஸ் சிப்பை இந்த சாக்கெட்டில் அப்படியே செருகக் கூடாது. பழைய சிப்பில் 1ஆம் கால் கிரவுண்ட். இதில் அது சிக்னல் வெளிவரும் கால். போர்டு அதைக் கிரவுண்டோடு இணைத்துவிடும். பழைய சிப்பில் சும்மா இருந்த 36ஆம் கால், இதில் 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கப்பட வேண்டும். டேட்டா கால்களும் 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் ‘ஒன்று’ என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். பழைய டிடிஎல் சிப்கள் அவ்வளவு கொடுக்கும் என்று நம்ப முடியாது. ராக்வெல் சிப்பின் கால் அமைப்பு பழையதோடு ஒத்துப்போகிறது.

பழைய சிப்பைச் சுரண்டி, புது எண் அச்சடித்து விற்பதும் சந்தையில் நடக்கிறது. அதைப் பேசிக்கிலேயே கண்டுபிடிக்கலாம். ஏ ரிஜிஸ்டரில் 0 வைத்து, அடுத்த பைட்டாக ஹெக்ஸ் 1ஏ கொடுத்து, விடையை ஹெக்ஸ் 70 முகவரியில் சேமிக்கும் குட்டி நிரல் எழுதுங்கள். சிமாஸ் சிப் 1ஏ கட்டளையை ‘ஒன்று கூட்டு’ என்று புரிந்துகொள்ளும். பழைய என்மாஸ் சிப் எதுவும் செய்யாமல் கடந்துவிடும். விடை 1 என்றால் சரக்கு சரி. 0 என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஓடாவிட்டால்

இந்த மெஷின் தன் கோளாறைக் காதுக்குச் சொல்லும். ஆன் செய்ததும் சவுண்ட் சிப் தானாகக் கனத்த ஓசை எழுப்பும். ப்ராசசர் விழித்து அதை அடக்கி, ஒரு குட்டி ‘பீப்’ கொடுக்க வேண்டும். சிப்பை மாற்றியபின் என் மெஷினில் கனத்த ஓசை நிற்கவே இல்லை. ப்ராசசர் வேலையைத் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

உடனே சிப்பைச் சந்தேகிக்காமல் மின்சாரத்திலிருந்து தொடங்க வேண்டும். மல்டிமீட்டரை 8ஆம் காலுக்கும் 21ஆம் காலுக்கும் இடையில் வைத்துப் பாருங்கள்; 4.75க்கும் 5.25க்கும் இடையில் இருக்க வேண்டும். பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு மூன்று சிவப்பு வயர்கள் தனித்தனியாக 5 வோல்ட் கொண்டுவருகின்றன. அவற்றில் ஒரு கிளிப் தளர்ந்தாலும் அந்தப் பகுதியில் வோல்ட்டேஜ் இறங்கும். என் மெஷினில் அளவு சரியாகவே இருந்தது.

அடுத்தது சாக்கெட். சிப்பின் நடுவில் விரலால் அழுத்திப் பிடித்தபடி பிரேக் விசையைத் தட்டினேன். ஓசை நின்றது, ‘பீப்’ வந்தது, திரையில் ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’ என்ற வரி தெரிந்தது. விரலை எடுத்ததும் மெஷின் உறைந்துபோனது. பிடிபட்டது கோளாறு. நாற்பது ஆண்டு ஈரக்காற்றில் சாக்கெட்டின் உள்தகடுகள் கறுத்து, இறுக்கமும் தளர்ந்திருந்தன. பழைய சிப்பின் கால்கள் பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் பதிந்திருந்ததால் தொடர்பு அறாமல் இருந்தது. புது சிப்பின் கால்கள் தொட்டது கறுத்த இடத்தை. கான்டாக்ட் கிளீனர் அடித்து, சிப்பைச் சிலமுறை செருகி எடுத்ததும் சரியானது. நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் 40 கால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும். ரிச்சி தெருவில் வாங்கலாம்.

அதற்கும் மசியாவிட்டால், லாஜிக் ப்ரோபை 7ஆம் காலில் வையுங்கள். அது ஒவ்வொரு கட்டளையையும் எடுக்கும்போது துடிக்கும். துடிப்பே இல்லை என்றால் 37ஆம் காலில் க்ளாக் வருகிறதா, 40ஆம் காலில் ரீசெட் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். துடிக்கிறது, ஆனால் திரையில் ஒன்றும் இல்லை என்றால் ரோம் சாக்கெட்டுகளுக்கும் இதே வைத்தியம்தான்.

மெஷின் ஓடி, விளையாட்டு மட்டும் பாதியில் நின்றால் அது பழுதல்ல. சில விளையாட்டுகள் பழைய சிப்பின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லாத கட்டளைகளைப் பயன்படுத்தின. 65சி02ல் அவை வேலை செய்யா.

தீர்ப்பு

அசெம்பிளி எழுதுபவர்கள், பேசிக் 4 வேண்டுபவர்கள் தாராளமாக மாற்றலாம். விளையாட்டுக்காகவும் நினைவுக்காகவும் வைத்திருப்பவர்கள் 6502ஏ சிப்பிலேயே இருப்பது நல்லது. மாற்றுபவர்களும் பழைய சிப்பைத் தூக்கிப் போடாமல், ஆன்டி ஸ்டாடிக் ஃபோமில் குத்திப் பத்திரப்படுத்துங்கள்.

இந்த மெஷினுக்குப் பின்னால் இருந்த சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும்தான் 1985ல் முதல் ஏஆர்எம் ப்ராசசரை உருவாக்கினார்கள். நம் கைபேசிகளின் ப்ராசசர்கள் அந்த வழியில் வந்தவை. அதனால்தான் இந்தப் பெட்டிகள் எடைக்குப் போகக் கூடாது என்கிறேன். உங்கள் பள்ளி ஸ்டோர் ரூமிலோ வீட்டுப் பரணிலோ ஒன்று கிடந்தால், ஆர்வத்தில் உடனே ஸ்விட்சைப் போட்டுவிடாதீர்கள். பவர் சப்ளையின் பழைய ரிஃபா கெபாசிட்டர்கள் ஈரம் உறிஞ்சி வெடிப்பு விட்டிருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் புகையும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 வெள்ளத்தில் நனைந்த போர்டு என்றால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவி நன்றாகக் காய வைப்பதும் அவசியம். முதலில் கெபாசிட்டரை மாற்றுங்கள், பிறகு மெஷினை ஓடவிடுங்கள், சிப் மாற்றும் யோசனை அதற்கப்புறம்.