ஆர்தர் சென்-லியோன்: இசையறிவும் நடனப் பனுவலும்

ஆய்வுச்சுருக்கம்

பிரெஞ்சு பாலே கலைஞர் ஆர்தர் சென்-லியோன் (1821–1870) ஆடுநர், நடன அமைப்பாளர், ஆசிரியர், வயலின் கலைஞர் என நான்கு நிலைகளில் இயங்கியவர். அவரது இசைப்பயிற்சியே நடனம் பற்றிய அவரது சிந்தனைக்கு அடித்தளம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பாலே, நடனக் குறிமுறை, கொப்பேலியா, பனுவல்.

முன்னுரை

சென்-லியோன் 1834இல் ஸ்டுட்கார்ட் நகரில் வயலின் கலைஞராகவும், அடுத்த ஆண்டு மியூனிக்கில் ஆடுநராகவும் மேடையேறினார். 1849இல் பாரிஸ் ஓபராவில் அரங்கேறிய 'சாத்தானின் வயலின்' என்னும் பாலேயில் அவரே ஆடி, அவரே வயலினும் வாசித்தார். 1859 முதல் பத்தாண்டுகள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பாலே ஆசிரியராகப் பணியாற்றினார். கதைக்கோப்பின்றி நடனத் துணுக்குகளை அடுக்கியவர் என்பது அவர்மீதான நெடுநாளைய குற்றச்சாட்டு. இதில் ஓரளவு உண்மை உண்டு. 'கூன்முதுகுக் குதிரைக்குட்டி' (1864) ரஷ்யப் பேரரசின் பல இனத்தாருடைய நடனங்களின் அணிவகுப்பாக முடிவது இதற்குச் சான்று. எனினும் இம்மதிப்பீடு அவரது பங்களிப்பை முழுமையாக அளப்பதாகாது.

குறிமுறையின் தோற்றம்

இசைக்கலைஞர் ஒருவர், தாம் கண்டிராத ஒருவரின் படைப்பைத் தாளைப் பார்த்து வாசிக்கிறார். ஆடுநரோ மற்றோர் ஆடுநரின் உடலைப் பார்த்தே கற்கிறார். ஒன்றில் எழுத்தும் மற்றொன்றில் நினைவும் கலையைக் காக்கின்றன. இவ்விரு மரபுகளிலும் பயின்ற சென்-லியோன், 1852இல் 'ஸ்டெனோகொரியோகிராஃபி' என்னும் நூலை வெளியிட்டார். இசைத்தாளின் ஐந்து கோடுகளைப் போன்ற கோடுகளில் கால்களின் அசைவுகளையும், அவற்றுக்கு மேலுள்ள ஆறாம் கோட்டில் மேலுடலின் அசைவுகளையும் குறிக்கும் முறை அது. ஒவ்வோர் அடவும் இசையின் காலஅளவோடு இணைத்து எழுதப்படுகிறது. நடனத்தை இசைக்கு நிகரான பனுவலாகக் கருதியதன் விளைவே இது.

எஞ்சியதும் மறைந்ததும்

'லா விவாந்தியேர்' (1844) பாலேயின் அறுவர் நடனம் அந்நூலில் எடுத்துக்காட்டாக எழுதப்பட்டது. அதனால் இருபதாம் நூற்றாண்டில் அது மீட்டெடுக்கப்பட்டு மீண்டும் மேடையேறியது. அவரது தலைசிறந்த படைப்பாகப் போற்றப்படும் 'கொப்பேலியா' 1870 மே 25இல் அரங்கேறியது. செப்டம்பரில் அவர் மறைந்தார். இன்று பல அரங்குகளில் ஆடப்படும் கொப்பேலியா, மாரியஸ் பெத்திபாவின் 1884ஆம் ஆண்டு வடிவத்தின் வழிவந்தது. தெலிபின் இசை நிலைபெற, சென்-லியோனின் அசைவுகள் பெரிதும் மறைந்தன.

ஆயினும் அவ்விசையிலும் கதையமைப்பிலும் அவரது நோக்கைக் காணலாம். இரண்டாம் அங்கத்தில் சுவானில்டா பொம்மையாக நடிக்கிறாள். பொம்மைக்கு உயிர் வந்துவிட்டதாகக் கொப்பேலியஸ் நம்புகிறார். விறைப்பான தாளத்திலிருந்து வால்ட்ஸின் நெகிழ்வுக்கு இசை மாறுவதே அம்மயக்கத்தை உருவாக்குகிறது. இங்கு இசை, நடனத்திற்குப் பின்னணியாக அமையாமல் கதையையே நகர்த்துகிறது. துணுக்குகளை அடுக்கியவர் என்னும் குற்றச்சாட்டு இவ்விடத்தில் வலுவிழக்கிறது.

முடிவுரை

குறிமுறையை வகுத்தவரின் பெரும்படைப்பே எழுத்தில் நிலைபெறாதது ஒரு முரண். இசைக்குறிப்பு வாழ்வது அதைப் படிக்கக் கற்பிக்கும் பள்ளிகளால். பாலே வகுப்புகளோ செய்துகாட்டிக் கற்பிக்கும் முறையையே தொடர்ந்தன. இசைக்குறிகளை அடிப்படையாகக் கொண்ட ஸ்டெபானோவின் நடனக் குறிமுறை 1892இல் வெளிவந்து, ரஷ்யாவில் பயிற்சியோடு இணைந்த பின்னரே பல பாலேக்கள் பதிவாயின. எழுத்து மட்டும் ஒரு கலையைக் காப்பதில்லை. அவ்வெழுத்தைப் படிப்போரை உருவாக்கும் கல்வியும் உடன்வர வேண்டும் என்பதைச் சென்-லியோனின் வாழ்வு உணர்த்துகிறது.