வீட்டை வரையாதவர்

கல்லூரியில் படித்த மூன்று வருஷமும் என் ஃபோனின் வால்பேப்பர் மார்க் ஷகாலின் ‘ஊருக்கு மேலே’தான். ஒரு ஆணும் பெண்ணும் கட்டிக்கொண்டு வீத்தெப்ஸ்க் நகரத்தின் மரவீடுகளுக்கு மேலே மிதந்து போவார்கள். கீழே வேலி, கூரைகள், ஆளில்லாத தெரு. ‘தொலைந்துபோன ஊர்’ என்று அதற்கு ஒரு கேப்ஷன்கூடப் போட்டிருக்கிறேன். ஒரு லீவுக்கு மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாயி ஃபோனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தது. “இதுங்க ரெண்டும் பறக்குது, சரி. கீழ இவ்ளோ வீடு இருக்கே, ஒருத்தரையும் காணுமே?” என்றது. இடது மூலையில், வேலியோரம் வெளிக்குக் குந்தியிருக்கும் ஒரு சின்ன ஆளைப் பெரிதாக்கிக் காட்டினேன். அப்பாயி சிரித்துவிட்டது. “இவன்தான்டா ஊர்க்காரன்.”

வால்பேப்பரை அதற்காக மாற்றவில்லை. அதன் பிறகு தெரிந்துகொண்ட ஒரு சின்ன விஷயத்துக்காக மாற்றினேன். அந்தப் படத்தை வரைந்து முடித்த 1918இல் ஷகால் வீத்தெப்ஸ்க்கில்தான் இருந்தார். ஊர் தொலையவே இல்லை. புரட்சி அரசு அவரை அங்கே கலை ஆணையராகவே நியமித்திருந்தது. 1920இல்தான் ஊரைவிட்டு மாஸ்கோவுக்குப் போனார், 1922இல் ரஷ்யாவை விட்டே. நான் ‘இழப்பு’ என்று பார்த்துக் கலங்கிக்கொண்டிருந்தது, சொந்த ஊரில் சொந்தப் பெண்டாட்டியோடு இருந்த ஒரு ஆள் சந்தோஷத்தில் போட்ட படம். பின்னால் வந்த துயரத்தை நாமே முன்னால் கொண்டுபோய் ஒட்டிக்கொண்டோம். ஷகாலும் பிற்பாடு அந்த ஒட்டலைத் தடுக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1985இல் சாகும்வரைக்கும் அதே கூரை, அதே ஆடு, அதே ஃபிடில்காரன். 1973இல் சோவியத் யூனியனுக்குப் போனவர் வீத்தெப்ஸ்க்குக்குப் போகவில்லை. போயிருந்தால் அவர் வரைந்துகொண்டிருந்த ஊர் அங்கே இருந்திருக்காது. 1941இல் நாஜிகள் அந்த நகரத்து யூதர்களைச் சேரியில் அடைத்துக் கொன்று முடித்திருந்தார்கள்.

நான் எழுத வந்தது ஷகாலைப் பற்றி இல்லை, அவரோடு ஒரே பள்ளியில் படித்த ஒருவரைப் பற்றி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஸ்வான்த்சேவா நடத்திய ஓவியப் பள்ளி. அங்கே லியோன் பாக்ஸ்ட் ஆசிரியர், அவருக்குப் பிறகு பெத்ரோவ் வோத்கின். இந்த இருவரிடமும் படித்தவர் மக்தா நாஹ்மன். 1889இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். ஷகாலின் பெயர் தெரியாத ஓவிய மாணவர் உலகத்தில் இல்லை. மக்தா இறந்தது நம் நாட்டில், அவர் கணவர் நம் ஊர்க்காரர், ஆனாலும் தமிழில் அவரைப் பற்றிப் பேச்சே அபூர்வம்.

கணவர் எம். பி. டி. ஆச்சாரியா. மண்டயம் ஐயங்கார் குடும்பம், 1887இல் சென்னையில் பிறந்தவர். பாரதி ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ பத்திரிகையில் வேலை பார்த்து, போலீஸ் கெடுபிடியில் அது பாண்டிச்சேரிக்குப் போனபோது கூடவே போய், 1908இல் கப்பலேறியவர். லண்டன், பாரீஸ், பெர்லின், இஸ்தான்புல், காபூல் என்று சுற்றி, 1920இல் தாஷ்கண்டில் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, எம். என். ராயோடு சண்டை போட்டு வெளியே வந்து, கடைசியில் அனார்க்கிஸ்ட் ஆனவர். மாஸ்கோவில் மக்தாவைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டார். 1922இல் இருவரும் பெர்லினுக்குப் போனார்கள். ஹிட்லர் வந்தபின் 1934இல் அங்கிருந்து ஸ்விட்சர்லாந்து. அப்புறம் பம்பாய். ஆச்சாரியா முன்னால் போக, 1936இல் மக்தா வந்து சேர்ந்தார். நம் புத்தகங்களில் ஆச்சாரியாவைத் தேடினால் பாரதி வரலாற்றின் அடிக்குறிப்பில் கிடைப்பார். மக்தா அந்த அடிக்குறிப்புக்குள் ஒரு அடைப்புக்குறி.

பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ, பெர்லின் மூன்றையும் விட்டுவிட்டு வந்த ஒருத்தர் என்ன வரைவார்? பனி, பிர்ச் மரம், விட்டுவந்த வீடு? மக்தா பம்பாயில் முகங்களை வரைந்தார். வேலைக்குப் போகும் பெண்கள், குழந்தைகள், தெருவில் கண்ட ஆட்கள். நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவிலிருந்து பம்பாய்க்கு வந்த யூத நடனக்காரி ஹில்டே ஹோல்கரையும் அவருடைய நடனங்களையும் வரைந்திருக்கிறார். எதிரே யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர். அவ்வளவுதான்.

இது வயிற்றுப்பாட்டுக்காக என்று ஒரு பதில் சொல்லலாம். வீட்டில் அநேகமாக அவர் சம்பாத்தியத்தில்தான் அடுப்பெரிந்தது, போர்ட்ரெய்ட்டுக்குத்தான் காசு. பாதி உண்மை. ஆனால் அவர் ஆரம்பத்திலேயே அப்படித்தான். 1913இல், நாடு நகரம் எதுவும் பறிபோகாத காலத்தில், இளம் கவிஞர் மரீனா ஸ்வெத்தாயெவாவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். நீல உடுப்பு, பின்னால் சூடான செம்மஞ்சள். மரீனாவை அழகியாகவும் ஆக்கவில்லை, மேதையாகவும் ஆக்கவில்லை. கொஞ்சம் சலித்துப்போய் உட்கார்ந்திருக்கும், எந்த நேரமும் எழுந்து போய்விடக்கூடிய ஒரு பெண். இருபத்தெட்டு வருஷம் கழித்து அந்தப் பெண் தூக்கு மாட்டிக்கொண்டதை வைத்துத்தான் இன்றைக்கு எல்லோரும் அந்தக் கண்ணைப் படிக்கிறார்கள். திரும்பவும் அதே ஒட்டு வேலை. நானும் செய்தேன். கொஞ்சம் முயற்சி செய்து மறந்துவிட்டுப் பார்த்தால்தான் மக்தா பார்த்தது தெரிகிறது.

1928இல் பெர்லினில் அவர் கண்காட்சி நடந்தபோது அங்கிருந்த ரஷ்ய அகதிகளின் ‘ரூல்’ நாளிதழில் அதற்கு மதிப்புரை எழுதியவர் விளாதிமிர் நபக்கோவ். அவரும் அப்போது அகதி. ‘லோலிடா’வுக்கு இன்னும் பல வருஷம் இருந்தது. 1933இல் மக்தா நபக்கோவையும் வரைந்தார். இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். நபக்கோவ் சாகும்வரை தன் சிறுவயது வீட்டைப் பொத்தான் பொத்தானாக, பூச்சி பூச்சியாக எழுதித் தீர்த்தார். அதே பெர்லின் குளிரில் உட்கார்ந்திருந்த மக்தா இந்திய முகங்களை வரையத் தொடங்கியிருந்தார், இந்தியாவைக் கண்ணால் காண்பதற்கு முன்னாலேயே. ஒருவருக்கு நாடுகடத்தல் முதுகுப்பக்கம் திறந்த ஜன்னல். இன்னொருவருக்கு முன்பக்கம்.

‘யூத ஓவியர்’ என்று மக்தாவை வகைப்படுத்துவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அப்பா யூதர், அம்மா ஜெர்மன் வழி லூத்தரன். மக்தா வளர்ந்ததும் லூத்தரனாகத்தான். ஷகாலுக்கு இருந்த ஜெபக்கூடம், யித்திஷ் மொழி, சப்பாத் மெழுகுவர்த்தி எதுவும் அவர் குழந்தைப்பருவத்தில் இல்லை. அவரை யூதர் ஆக்கியது ஹிட்லரின் சட்டம். தான் யார் என்பதை ஒரு காகிதம் வந்து சொல்லும்போது அந்தக் காகிதத்தை வரைவதா, விடுவதா?

ஃபெலிக்ஸ் நுஸ்பாம் வரைந்தார். ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக்கில் 1904இல் பிறந்து, பிரஸ்ஸல்ஸில் ஒளிந்து வாழ்ந்து, 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர். அவர் மனைவி ஃபெல்கா பிளாட்டெக்கும் ஓவியர், அவருக்கும் அதே முடிவு. நுஸ்பாமின் 1943ஆம் வருஷத்துச் சுயஓவியத்தில், மதில்மூலையில் மாட்டிக்கொண்ட ஒரு ஆள் கோட் காலரைத் தூக்கிவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கிறார். கையில் அடையாள அட்டை. யூதன் என்று சிவப்பு முத்திரை. நாடு என்ற இடத்தில் ‘இல்லை’. யாரோ போலீஸ்காரர் வழியில் மறித்துக் கேட்டதற்கு எடுத்துக் காட்டுகிற மாதிரி இருக்கும். அந்தப் போலீஸ்காரர் நிற்கும் இடத்தில் படம் பார்க்கும் நாம் நிற்கிறோம். இழப்பைப் பற்றி வரையப்பட்டதில் இதைவிடக் கறாரான படம் எனக்குத் தெரியாது. மிதப்பது, பறப்பது எதுவும் கிடையாது. ஷகாலிடம் எனக்குள்ள வருத்தம் இந்த ஒப்பீட்டில் கூடிவிடுகிறது. ‘வெள்ளைச் சிலுவையேற்றம்’ வரைந்த 1938இல்கூட அவருக்கு ஒரு அழகான தீ வேண்டியிருந்தது.

‘நாடு: இல்லை’ என்ற அட்டை எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் இருந்தது. அதனால்தான் இவ்வளவும். அப்பாயியின் பாட்டன் காலத்தில் டெல்டாவிலிருந்து சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம் அவர்களுடையது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை ஒரேயடியாக நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்பாயி முதல் கணக்கில் விழுந்தது. 1972இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியது. அரசாங்கக் காகிதத்தில் ‘தாயகம் திரும்பியோர்’. பார்த்தே இராத ஊருக்கு எப்படித் ‘திரும்ப’ முடியும்? ஊரில் அவர்கள் பெயர் ‘சிலோன்காரங்க’. ஐம்பது வருஷம் கழித்தும் அதேதான்.

டெல்டாவில் ஊர் ஞாபகம் இப்போது நல்லா விலை போகிற சரக்கு. ஆற்றங்கரைப் படித்துறை, அக்ரஹாரத் திண்ணை, நடவுப்பச்சை என்று வாட்டர்கலரில் வாரத்துக்குப் பத்து படம் என் ஃபீடில் வருகிறது. கையோட்டம் நன்றாகவே இருக்கிறது, பழி சொல்லவில்லை. ஆனால் அந்தப் பச்சையில் குனிந்து நடுகிற ஆளுக்கு முகம் இருக்காது, முதுகுதான். அவர் சாயங்காலம் போகிற தெரு படத்தின் சட்டகத்துக்கு வெளியே. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தது இதே பச்சைக்கு நடுவேதான். ஏக்கப்பட ஒரு வீடு வேண்டும், அந்த வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருந்த ஒரு திண்ணை வேண்டும். அது வாய்க்காதவர்களுக்கு ஷகாலின் வழி கிடையாது.

அப்போது வேறு என்ன வழி? யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘த இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற நூலைப் பார்த்தபோது ஒரு வழி தெரிந்தது. தோம்பு என்றால் போர்த்துக்கேயர், டச்சுக்காரர் காலத்து நிலப்பதிவேடு. போரில் இடம்பெயர்ந்தவர்களிடம் சனாதனன் அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து போடச் சொன்னார். அந்தக் கோணல்மாணல் கோடு ஒரு பக்கம், அதையே கட்டட வரைபடமாக அளவோடு போட்டது ஒரு பக்கம், கூடவே அவருடைய சொந்த ஓவியம். புத்தகமே ஒரு ஆபீஸ் ஃபைல் போல இருக்கும். கண்ணீர் வரவைக்கும் வரி ஒன்றுமில்லை. கிணறு இங்கே, அடுப்படி இங்கே, மாமரம் இங்கே. கட்டடக்கலைஞர் பார்த்தால் சிரிக்கும்படி, ஒருவர் ஞாபகத்தில் கிணறு வீட்டைவிடப் பெரிசாக இருக்கும். அந்தத் தப்பான அளவில்தான் படமே இருக்கிறது. பதிவேடு நம்மை நாடற்றவராக்கும் என்றால், நாமும் ஒரு பதிவேடு எழுதலாம் என்கிற குசும்பு எனக்கு ரொம்பப் பிடித்தது.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் உள்சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டார். மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளே ஒரு முகம் தெரிந்தது. மக்தாவைத் தேடும்போது அந்தச் சுவர் அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தது, ஆனால் அவர் விஷயத்தில் மேல்பூச்சை உரித்தாலும் உள்ளே ரஷ்யா கிடைக்காது. அவர் ரஷ்யாவில் வரைந்தவை பெரும்பாலும் போய்விட்டன. 1951 பிப்ரவரி 12 அன்று, பம்பாயில் தன் கண்காட்சி திறக்கச் சில மணிநேரத்துக்கு முன் இறந்துபோனார். படங்கள் சுவரில் மாட்டியாகிவிட்டது. மூன்று வருஷம் கழித்து, 1954இல், ஆச்சாரியாவும் அதே ஊரில் வறுமையில் இறந்தார். இந்தியாவில் வரைந்த படங்கள் கைமாறிச் சிதறிவிட்டன. லீனா பெர்ன்ஸ்டைன் 2020இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட வாழ்க்கை வரலாறு இல்லையென்றால் இவ்வளவுகூடச் சேர்ந்து கிடைத்திருக்காது.

மக்தா பெரிய ஓவியரா? ஷகால் அளவுக்கு, நுஸ்பாம் அளவுக்கு இல்லை. மறுபதிப்பாகப் பார்க்கக் கிடைக்கிற இந்தியப் படங்கள் சிலவற்றில் ஒரு போஸ்ட்கார்டு இனிப்பு இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். நல்லவற்றில் அந்த இனிப்பு இல்லை. அந்தப் பெண்கள் ‘இந்தியா’வுக்காக உட்காரவில்லை, அவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. வந்தேறி ஒருத்தி, நாடு விட்டு நாடு துரத்தப்பட்டவள், தன் துக்கத்தை எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் ஏற்றாமல் இருந்திருக்கிறாள். நடவு வயலை வரையும் நம் ஆட்கள் பலருக்கு, பிறந்த ஊரிலேயே இருந்துகொண்டும், அது வரவில்லை.

சனாதனன் புத்தகத்தைப் பார்த்த ஜோரில் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுபோய் அப்பாயியிடம் கொடுத்து, “ஒன் வீட்டப் போடு” என்றேன். இப்போதிருக்கும் வீட்டைப் போடும் என்று நினைத்தேன். அது நீளமாக ஒரு கோடு இழுத்து, குறுக்கே வரிசையாகக் கட்டம் கட்டமாகப் பிரித்தது. லயம். தோட்டத்து லைன் வீடு. ஒரு கட்டத்துக்கு ஒரு குடும்பம், பத்துக்குப் பன்னிரண்டு அடி. மூன்றாவது கட்டத்தைப் பேனாவால் குத்திக் காட்டி, “இது நாங்க” என்றது. மழை பெய்தால் ஒழுகும், குளிர் எலும்பில் ஏறும், கங்காணி வாசலில் நின்று கத்துவான் என்று இதுவரை அதைப் பற்றிச் சொன்னதெல்லாம் திட்டுதான். நோட்டை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. பக்கத்துக் கட்டங்களில் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக்கொண்டே வந்தது, யார் யார் இருந்தார்கள், யார் எந்தக் கப்பலில் வந்தார்கள், யாரை அங்கேயே விட்டுவிட்டார்கள் என்று. எட்டாவது கட்டத்தில் பேர் ஞாபகம் வரவில்லை. “ஒசரமா இருப்பா. பல்லு கொஞ்சம் முன்னாடி. சிரிச்சா கைய வெச்சு மறைச்சுக்குவா” என்றது. கட்டத்துக்குள் எழுத அதற்கு இடமில்லை.